கை நனையாமல் சுஷி சாப்பிடப் போன கதை

இமயமலைக்கும் ஐஸ்லாந்துக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் இருக்கும்போது, ஒன்பது மைல் பயணம் ஒன்றை எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கிங்ஸ்பரியிலிருந்து கிரீன் பார்க் வரை ஜூபிலி லைனில் பன்னிரண்டாவது தரிப்பிடம், அதற்குப் பிறகு ஆறு நிமிட நடை. அவ்வளவுதான். ஆனால் நான் போன பயணங்களில் இவ்வளவு பயந்து போனது வேறு எதுவும் இல்லை. கொழும்பிலிருந்து லண்டனுக்கு வந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன மாதம் இந்த வலைப்பக்கத்தை வாசிக்கும் ஒரு பிள்ளை எழுதிக் கேட்டிருந்தார். கலியாணப் பேச்சுக்காக இரண்டு வீட்டாரும் மத்திய லண்டனில் ஒரு சுஷிக் கடையில் சந்திக்கப் போகிறார்களாம், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கான பதில் முப்பது வருடமாக என்னிடம் சும்மா கிடக்கிறது.

1993 நவம்பர். எனக்கு முப்பத்திரண்டு வயது. கிங்ஸ்பரியில் அக்கா வீட்டு மேல் அறையில் இருந்துகொண்டு, வெம்பிளியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்தேன். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்குக் கலியாணம் கட்டிவைக்கும் அலுவலை அவள் கவுன்சில்காரர் வீடு கொடுப்பதைப்போல, கோப்பு, வரிசை, காத்திருப்போர் பட்டியல் எல்லாம் வைத்து நடத்தினாள். அந்தப் பட்டியலில் அப்போது இரண்டு பேர் மிச்சம். ஒன்று டொரண்டோவில் ஒரு சம்பந்தம். சாதகம் பார்க்கக் கொடுத்திருந்தது, பதில் வர ஒரு மாதம் ஆகும். மற்றது சுகந்தி.

சுகந்தியின் குடும்பம் பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரெயில்வே வேலைக்குப் போனது. அவர் லண்டனுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து ஒரு ஜப்பானியக் காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மூன்று சிநேகிதிகளுடன் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்ததால் ஆட்களைக் கூப்பிட இடமில்லை. கோலாலம்பூரிலிருந்து அவருடைய சித்தப்பா மூன்று வாரத்தில் ஐந்து நாள் லீவில் வரவிருந்தார். அலுவலகத்து ஆட்கள் வழக்கமாகப் போகிற சுஷிக் கடையில், அவர் வந்து நிற்கும் சனிக்கிழமை மதியம் சந்திக்கலாம் என்று சுகந்தியே ஃபோனில் சொன்னார். அக்கா ஃபோனை வைத்துவிட்டுப் பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டாள்.

அவளுக்குப் பச்சை மீன் ஒரு பிரச்சினையே இல்லை. கை நனைப்பதுதான் பிரச்சினை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், சரி என்று முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடக்கூடாது. தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம். ஆனால் சோற்றில் கை வைத்து, கையைக் கழுவி எழும்பினால் சம்மதம் என்று அர்த்தம். அதைத்தான் கை நனைக்கிறது என்பார்கள். டொரண்டோவிலிருந்து பதில் வரும்வரை நாங்கள் கை நனைக்க ஏலாது. அதே நேரம் டொரண்டோ தவறிப்போனால் திரும்பி வர வழி வேண்டும் என்பதால் சுகந்தி வீட்டாரைக் கோபிக்க வைக்கவும் ஏலாது. இரண்டு வள்ளத்திலும் கால் வைத்தது அக்கா. நடுவில் தொங்கியது நான்.

நான் கிங்ஸ்பரி நூலகத்துக்குப் போய் ஜப்பானியப் பழக்கவழக்கங்கள் பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். அது வினையாகிப் போனது. அதுவரை எனக்கு ஒரு சட்டப் புத்தகம்தான் இருந்தது, அக்கா. இப்போது இரண்டு. சாப்பிடும் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக்கூடாது, செத்த வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள். குச்சிகளை ஒன்றோடொன்று உரசக்கூடாது, மலிவான குச்சி என்று கடைக்காரரைக் குத்திக்காட்டுவதாகும். சுஷியின் சோற்றுப் பக்கத்தைச் சோயா சோஸில் தோய்க்கக்கூடாது. ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்கு உணவைக் கைமாற்றவே கூடாது, தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது உறவினர் அப்படித்தான் கைமாற்றுவார்களாம். எல்லாமாகப் பதினான்கு விதிகளை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. சுஷி என்றால் சோற்றின்மேல் மீன், சஷிமி என்றால் வெறும் மீன். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"சோறு இருந்தாத்தான் சாப்பாடு. சோறில்லாட்டி அது பலகாரம். நீ அதை மட்டும் எடு. அதையும் குச்சியால எடு. குச்சியால எடுத்தா கை நனையாது."

இப்படியாக, கிங்ஸ்பரியில் ஒரு குசினியில், பச்சைச் சூரை மீன் வடையோடும் முறுக்கோடும் பலகார வகையில் சேர்ந்தது. நான் இரண்டு வாரம் மேல் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, குச்சியால் கச்சான் கடலை எடுத்துப் பழகினேன். கடைசி நாளில் மூன்றில் ஒரு கச்சான் வாய்க்கு வந்தது. மற்றவற்றை அக்காவின் கணவர், அத்தார், என் கட்டிலுக்குக் கீழே கண்டெடுத்து, வீட்டுக்குள் அணில் வந்துவிட்டதோ என்று கேட்டார்.

இனிப் பயணம். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம், ஒன்றரை முதல் மூன்று வரை எமகண்டம். லண்டன் மணிக்கூட்டுப்படியே பார்க்கலாம் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். ஆகவே பத்தரைக்குப் பிறகு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும், ஒன்றரைக்கு முன்பு பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட வேண்டும். பத்து முப்பத்தைந்துக்கு இறங்கினோம். ஒருநாள் பயணச்சீட்டு ஆளுக்கு மூன்று பவுண் சொச்சம். பத்து ஐம்பத்திரண்டு ரெயில். வெம்பிளி பார்க்கில் நான்கு நிமிடம் நின்றது. அந்த நான்கு நிமிடத்தில் நான் என் காலுறையைக் கழற்றிப் பார்த்தேன். சில கடைகளில் சப்பாத்தைக் கழற்றச் சொல்வார்கள் என்று புத்தகத்தில் இருந்ததால் புதுக் காலுறை வாங்கிப் போட்டிருந்தேன். விலைச்சீட்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம். முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எழும்பி வேறு இடத்துக்குப் போனார்.

பதினொன்று இருபத்தெட்டுக்குக் கிரீன் பார்க்கில் இறங்கி வெளியே வந்தோம். கடை திறப்பது பன்னிரண்டுக்கு. தூறல். அக்கா காஞ்சிபுரம் சேலைக்கு மேல் அத்தாரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பிக்கடில்லியில் ஒரு பயணப்பெட்டிக் கடை வாசலில் ஒதுங்கி நின்றாள். நான் தெருப்படத்தை விரித்து, கடைக்குள் எந்தப் பக்கம் பார்த்து இருந்தால் கிழக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். அதுவும் அவள் கேட்டதுதான்.  

கடை பக்கத்துத் தெருவில், கீழே இறங்கும் படிக்கட்டு. கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். வரவேற்பு என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் இருந்தது. ஆனால் அக்காவுக்குச் சொல்ல மறந்துபோனேன். அவள் ஒரு படி மேலே ஏறிவிட்டாள். ஊரில் ஆமிக்காரனுக்குப் பயந்து ஓடின கால்கள், சத்தம் கேட்டால் முதலில் ஓடிவிட்டுத்தான் பிறகு யோசிக்கும். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

சுகந்தியும் சித்தப்பாவும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மேசை இல்லை, நீளமான ஒரு மரப்பலகை, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பியோடு அறுபது வயது மதிக்கத்தக்க சமையல்காரர், கையில் கத்தி. நாங்கள் நான்கு பேரும் அவருக்கு முன்னால் வரிசையாக இருந்தோம்: சுகந்தி, சித்தப்பா, நான், அக்கா. சித்தப்பா நல்ல அகலமான மனிதர். எனக்குச் சுகந்தியின் முகத்தில் பாதிதான் தெரிந்தது. கிழக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

இருந்த கையோடு ஒரு பெண் மூங்கில் தட்டுகளில் நான்கு சுருட்டிய வெள்ளைத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. கை துடைப்பதற்கு. விதி எண் இரண்டு: துண்டை மறுக்கக்கூடாது. விதி எண் மூன்று: அதால் முகம் துடைக்கக்கூடாது. இரண்டையும் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஆனால் அந்தத் துண்டு ஈரமாக இருக்கும் என்ற விஷயம் அக்கா என் காதுக்குள் சொல்லும்வரை என் மண்டையில் ஏறவில்லை.

"தொடாதை. கை நனைஞ்சிடும்."

அவள் தன் இரண்டு கைகளையும் கைப்பைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள். நானும் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சித்தப்பா தன் துண்டை விரித்து முகம், கழுத்து, காதுக்குப் பின்பக்கம் என்று முழுக்குளிப்பு முடித்தார். பிறகு எங்கள் தட்டுகளைப் பார்த்தார். சமையல்காரரும் பார்த்தார். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கை துடைக்காத ஆளுக்கு அவர் மீன் வெட்டமாட்டார்போல. எனக்கு நெற்றியில் வேர்த்தது. அதைத் துடைக்கவும் முன்னால் ஒரு துண்டுதான் இருந்தது.

சுகந்தி ஜப்பானிய மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். சமையல்காரர் தலையசைத்துக் கத்தியை எடுத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவேண்டும்போல இருந்தது, கேட்கவில்லை. சுகந்தி எட்டிப் பார்த்து என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள், கிங்ஸ்பரியில் நல்ல மீன் எங்கே வாங்கலாம், மலேசியா பார்த்திருக்கிறீர்களா. மூன்றுக்கும் நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அக்காதான் பதில் சொன்னாள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் குச்சியை எடுக்கும்போது சோயாக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல், சிரிக்காமல், சித்தப்பாவுக்கு முன்னால் கை நீட்டித் தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். என் வாழ்க்கையில் நான் கொட்டியதைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

முதலில் வந்தது சஷிமி. வெறும் மீன், சோறில்லை. அக்கா கொஞ்சம் மூச்சு விட்டாள். நான் குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டைக் குறிவைத்தேன். சித்தப்பா பார்த்தார், பிள்ளை தடுமாறுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். தன் குச்சியால் நல்லதொரு துண்டைத் தூக்கி, பாசத்தோடு, நேராக என் குச்சிக்கு நீட்டினார்.

விதி எண் ஒன்பது. எலும்பு பொறுக்கும் விதி. சமையல்காரரின் கத்தி நின்றதைக் கண்டேன். வாயைத் திறந்தேன். இது செத்த வீட்டு வழக்கம் என்று கலியாணப் பேச்சில் எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லே அங்கே வரக்கூடாதே. குச்சியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, எனக்கே கேட்டுத் திடுக்கிடும் அளவுக்குப் பலமாக, "வேண்டாம்" என்றேன்.

 சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் மீன் துண்டைத் தட்டில் வைத்தார், குச்சிகளை அடுக்கி வைத்தார், என் முன்னால் சுருட்டியபடியே ஆறிப்போயிருந்த துண்டைப் பார்த்தார். கை நனைக்கிற வழக்கம் அவருக்கும் தெரியும். மூன்று தலைமுறையாகக் கடல் கடந்து இருந்தாலும் சில விஷயங்கள் மறக்காது.

"தம்பி, புடிக்கலேன்னா நேரா சொல்லிடலாம்," என்றார். "துண்டத் தொடாம, குச்சிய இழுத்துக்கிட்டு, இப்படிப் புரியவைக்கணும்னு இல்ல. எங்க பொண்ணுக்கும் ரோஷம் இருக்கு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் சமையல்காரர் என் முன்னால், பலகையிலேயே, ஒரு சுஷியை வைத்தார். சோறு, மேலே சிவப்பாகச் சூரை. வைத்த உடனே சாப்பிட வேண்டும், விதி எண் ஆறு. கையால் எடுத்துச் சாப்பிடுவதுதான் பழைய மரியாதை, விதி எண் ஏழு. சோற்றைத் தொடாதே, அது அக்கா. மணி ஒன்று பத்து. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். 

நான் துண்டை விரித்தேன். வலது கையைத் துடைத்தேன், பிறகு இடது கையை, பிறகு விரல் விரலாக. நன்றாக நனைந்தது. சுஷியைக் கையால் எடுத்து ஒரே வாயில் போட்டேன். பக்கத்தில் அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

சோற்றுக்கும் மீனுக்கும் நடுவே பச்சையாக ஒரு காரம் இருக்கிறது. அதன் பெயர் வசாபி. புத்தகத்தில் அது பற்றி ஒரு வரி இருந்தது, நான் அட்டையில் எழுதவில்லை, மிளகாய்த்தூள் தின்று வளர்ந்தவனுக்கு எதற்கு என்று. அது நாக்கில் தங்காமல் மூக்கு வழியாக மண்டைக்குப் போனது. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. சித்தப்பா என் தோளைப் பிடித்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"அழாதிங்க தம்பி. புரியுது," என்றார். "கை நனைச்சாச்சு. இனி நாம சொந்தம்."

எமகண்டத்துக்கு இருபது நிமிடம் மிச்சம். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தாள். நேரமும் நல்ல நேரமாகவே அமைந்துபோனதில் அவளுக்கு இன்னும் கோபம்.

 திரும்பும்போது வெம்பிளி பார்க்கில் ரெயில் நின்றதும் அக்கா, டொரண்டோக்காரருக்குத் தான் இனி என்ன முகத்தோடு பதில் சொல்வது என்று யன்னலைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவள் கிண்ணத்தைத் தள்ளி வச்சதை நானும் பார்த்தனான்" என்றாள். அது அவளுடைய அகராதியில் சம்மதம். நான் அன்றிரவு கச்சான் மிச்சத்தை எல்லாம் கையாலேயே தின்று முடித்தேன்.

போக இருக்கிறவர்களுக்கு: இப்போது சுஷி சூப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் கிடைக்கிறது, எங்கள் காலத்தில் அப்படி இல்லை. அன்று மதியச் சாப்பாடு ஆளுக்குப் பன்னிரண்டரைப் பவுண். தேத்தண்ணி இலவசம், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தில் பாதியை மிச்சம் விடுங்கள். சனிக்கிழமை மதியம் இடம் பிடிக்க முதலே ஃபோன் பண்ணிவிடுங்கள். சேலை கட்டுகிறவர்களுக்குப் பலகைக்கு முன்னால் உள்ள உயரக் கதிரை வசதிப்படாது, மேசை கேளுங்கள். இஞ்சியை ஊறுகாய் என்று நினைத்துச் சோற்றோடு பிசையாதீர்கள், அது ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே வாய் மாற்ற. வசாபியை மதியுங்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் துண்டு வருமுன்னரே பேசி முடிவெடுங்கள், அல்லது கையுறை போட்டுக்கொண்டு போங்கள். காலுறை புதிதாக வாங்கத் தேவையில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேட்டு எழுதிய பிள்ளைக்கு முழுக்கச் சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குச் சுகந்தி என் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தார். நான் கலியாணத் திகதி பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்து, நாட்காட்டியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். அவர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க யாரையும் கேக்காம அந்த சுஷிய எடுத்துச் சாப்பிட்டீங்க. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு," என்றார். "ஆனா என்னையும் கேக்கல. எல்லாரும் உங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் கடைசிவரைக்கும் என் துண்டத் தொடவே இல்ல. அத யாரும் பாக்கல."

"எனக்கு சம்மதமில்ல, மன்னிச்சிருங்க," என்றார். சித்தப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். நான் சரி என்றேன். ஃபோன் எடுத்ததற்கு நன்றி என்றும் சொன்னேன். வைத்த பிறகு நாட்காட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அக்கா கோபிப்பாளோ, குச்சி தவறுமோ, காலுறை கிழியுமோ, கிழக்குப் பிழைக்குமோ, சமையல்காரர் முறைப்பாரோ, டொரண்டோ என்ன நினைக்கும் என்று மூன்று வாரம் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. சுகந்தி வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று மட்டும் ஒரு நிமிடம்கூடப் பயந்ததில்லை.